பரண் காவலுக்கு எந்தப் பைனாகுலர்?

மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவம் வந்துவிட்டால் காட்டோர விவசாயிக்கு இராத் தூக்கம் கிடையாது. தாளவாடி, கடம்பூர் மலை, தேன்கனிக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே நிலைதான். பகலில் வேலை, இரவில் பரண். யானையோ காட்டுப்பன்றியோ எந்தப் பக்கத்திலிருந்து இறங்கும் என்பது தெரியாததால் தகர டப்பாவையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து பார்க்கிறார்கள். உயிர்ச்சேதம் பெரும்பாலும் அந்த நடையில்தான் நேருகிறது. அசையாமல் நிற்கும் யானை, இருட்டில் பத்தடி தூரத்திலும் ஒரு புதர் போலத்தான் தெரியும்.

ஆகவே பொழுது சாய்வதற்குள், காட்டு விளிம்பில் எங்கே என்ன நிற்கிறது என்பதைப் பரணில் இருந்தபடியே பார்த்து வைத்துக்கொள்வது பெரிய பாதுகாப்பு. இதற்காகப் பல ஊர்களில் பைனாகுலர் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வாங்குகிற கருவிகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பத்துக்கு ஒன்பது பேர் "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்து விடுகிறார்கள். காவலுக்கு வேண்டியது மடங்கு அல்ல, வெளிச்சம் என்பது என் கருத்து.

கருவியின் மேல் 8x42 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு என்பது. இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதல் எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான் நமக்கு முக்கியம். 42ஐ 8ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. கண் வைக்கும் பக்கத்திலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. மங்கல் நேரத்தில் இளைஞரின் கண்பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவருக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான். ஆகவே 8x42 கருவி, பரணில் உட்காரும் பெரியவர் கண் ஏற்கக்கூடிய வெளிச்சம் முழுவதையும் கொடுத்து விடுகிறது. கனமான 7x50 வாங்கினால் அதில் கூடுதலாக வரும் வெளிச்சம் அவருக்கு வீண்தான். கழுத்து வலி மட்டும் மிச்சம்.

இப்போது வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் ஒற்றைக் குழல் தொலைநோக்கி நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்று பெயர். 20-60x60 என்று போட்டிருப்பார்கள். 60 மடங்கு என்றதும் நம்மவர்களுக்கு ஆசை வந்து விடுகிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், மரமில்லாத மலைச்சரிவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் மானின் கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணிப் பார்க்க அது தேவைப்படுகிறது. இத்தனை கிளைக்குக் குறைந்தால் சுடக்கூடாது என்ற விதி அங்கே பல இடங்களில் உண்டு. அவர்களும் முதலில் பைனாகுலரால் சரிவைத் துழாவி, விலங்கைக் கண்டுபிடித்த பிறகுதான் முக்காலியில் ஸ்கோப்பைப் பொருத்துகிறார்கள்.

நமக்கு அந்த வேலை இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட வழி செய்ததே, அதுவும் வனத்துறையினருக்குத்தான், விவசாயிக்கு அல்ல. நாம் பார்க்க வேண்டிய தூரம் இருநூறு, முந்நூறு மீட்டர். அந்த ஸ்கோப்பை 60 மடங்குக்குத் திருப்பினால் வெளிவரும் ஒளிக்கற்றை 1 மில்லிமீட்டர்தான். 5 மில்லிமீட்டர் கற்றையோடு ஒப்பிட்டால் காட்சியின் வெளிச்சம் இருபத்தைந்தில் ஒரு பங்கு. நம் பகுதியில் சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். யானை காட்டை விட்டு வெளியே தலை காட்டுவதும் பெரும்பாலும் அந்த நேரம்தான். சரியாக அப்போது இந்தக் கருவி குருடாகி விடும். போதாததற்கு முந்நூறு மீட்டரில் ஐந்தாறு மீட்டர் அகலம்தான் தெரியும். ஒற்றை யானையா, குட்டியோடு கூட்டமா என்று அதில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் அவை வாழைக்குள் புகுந்து விடும். நல்ல 8 மடங்குப் பைனாகுலரில் அதே தூரத்தில் சுமார் 40 மீட்டர் அகலம் ஒரே பார்வையில் அடங்கும். கையில் பிடித்தே பார்க்கலாம். 10 மடங்குக்கு மேல் போனால் கைநடுக்கம் காட்சியைக் கலைத்துவிடும். ஆடுகிற பரணில் கேட்கவே வேண்டாம்.

சந்தையிலும் திருவிழாக் கடையிலும், இப்போது செல்போன் வழியாகவும், 60x60, 90x90 என்று அச்சிட்ட பைனாகுலர்கள் மலிவாக வருகின்றன. இந்த எண்களை நம்ப வேண்டாம். ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் போதும், குட்டு வெளிப்பட்டு விடும். கருவியை வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து (சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது, கண்ணே போய்விடும்) கண் வைக்கும் பக்கத்தை ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். அதில் ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். அதன் விட்டத்தை அளந்து, முன் லென்ஸின் விட்டத்தை அதனால் வகுத்தால் உண்மையான மடங்கு ஏறக்குறையத் தெரிந்துவிடும். முன் லென்ஸ் 50, ஒளிவட்டம் 5 என்றால் அது 10 மடங்குக் கருவி, மேலே எந்த எண்ணை அச்சடித்திருந்தாலும் சரி.

அந்த ஒளிவட்டத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிப் பட்டகம் தரமானது. ஓரங்கள் வெட்டியது போல் சதுரமாகவும் மங்கலாகவும் இருந்தால் பட்டகத்தில் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். முன் லென்ஸ் மாணிக்கம் போலச் சிவப்பாகப் பளபளக்கும் கருவியை ஒதுக்கி விடுங்கள். அது பார்க்க அழகு. ஆனால் வெளிச்சத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. காட்சியும் பச்சை பாய்ந்து தெரியும். மடங்கை மாற்றிக்கொள்ளும் ஜூம் பைனாகுலரும் குறைந்த விலையில் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு சோதனை. தூரத்துக் கம்பி அல்லது கூரை விளிம்பைப் பார்த்தபடியே கருவியைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். அந்த விளிம்பு மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்தால் இரு குழல்களும் ஒரே நேரில் இல்லை என்று அர்த்தம். ஐந்து நிமிடம் பார்த்தால் தலைவலி வரும். கடைக்காரர் வெளியே எடுத்துப்போய்ப் பார்க்க விடாவிட்டால் அந்தக் கடை நமக்கு வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கருவியும் நல்ல கருவிதான். மாலை ஆறு மணிக்குக் கடைத்தெருவில் நின்று, எதிர்ச் சாரியில் நிழலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

நேர்க்குழலாக, சிறியதாக, அழகாக வருவது ஒரு வகை. தோள் அகன்று பழைய பட்டாளத்துக் கருவி போல் இருப்பது இன்னொரு வகை. கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் தோள் அகன்ற பழைய வகையையே வாங்குங்கள். நேர்க்குழல் வகையின் பட்டகத்தை மிக நுணுக்கமாகச் செய்ய வேண்டும். அந்த நுணுக்கத்துக்கு விலை கொடுத்தாக வேண்டும். மழையில் நனையும் காவலுக்கு நீர் புகாத கருவி மேல் என்பது உண்மைதான், அதற்குக் கூடுதல் பணம் வேண்டும்.

ஆயிரம் ரூபாய்க்குள் உருப்படியான புதுக் கருவி கிடைப்பது அரிது. சில ஆயிரங்கள் ஆகும். அதைத் தனியாள் வாங்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த வயல்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தரமான 8x40 அல்லது 8x42 ஒன்று வாங்கி, காட்டு விளிம்பு நன்றாகத் தெரியும் பரணில் வைத்து, பார்த்ததை மற்றவருக்குச் செல்போனில் சொல்லிவிட்டால் போதும். ஆளுக்கொரு பொம்மை வாங்குவதைவிட இது மேல். சூரிய மின்வேலிக்கு மானியம் கொடுத்து வந்திருக்கும் அரசு, காவல் குழுக்களுக்கு இப்படி ஒரு கருவி கொடுத்தால் வேலிச் செலவில் சிறு பங்குகூட ஆகாது. திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியாலும் அவுட்டுக்காயாலும் யானைகள் சாவதும், அதே கம்பியில் மனிதர் சிக்குவதும் நடக்கிற பகுதிகளில் இது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

முழு இருட்டில் இந்தப் பைனாகுலர் உதவாது. நிலவு இருந்தால் திறந்த வெளியில் ஓரளவு உருவம் தெரியும், அவ்வளவே. உடல் வெப்பத்தைக் கொண்டு இருட்டிலும் காட்டும் கருவிகள் வந்துள்ளன. வனத்துறை அவற்றை டிரோனில் பொருத்திப் பறக்க விடுகிறது. விலை நம் எட்டாத உயரம். ஆகவே மாலை மங்கலில் ஒரு முறை, விடியலில் யானைகள் திரும்பும்போது ஒரு முறை விளிம்பைத் துழாவுவதே நமக்கு முறை. கண்டால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பலர் வாங்கிய கருவியைச் சரிசெய்துகொள்ளாமலே குறை சொல்கிறார்கள். வலப்பக்க முன் லென்ஸை மூடி, இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்க வேண்டும். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலப்பக்கக் கண்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்க வேண்டும். கண்ணாடி அணிபவர் கண்குழலின் ரப்பரை மடித்துவிட்டுப் பார்க்கலாம். லென்ஸை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். முதலில் தூசியை ஊதி, பிறகு மெல்லிய பஞ்சுத் துணியால் ஒற்றி எடுங்கள். ஐப்பசி மழையில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்தால் மீட்பது கடினம். மழைக்காலத்தில் தோல் பையில் வைக்காமல், மூடி இறுகிய டப்பாவில் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள்.