கட்டுங்கள் அல்லது வழக்காடுங்கள்

சம்மன் வந்தால், கழிவு அறிவிக்கப்படும் வரை காத்திருப்பதே நம்மில் பலரின் வழக்கம். 2026 ஜனவரி 1 முதல் மலேசியாவில் முறை மாறிவிட்டது. தண்டத் தொகையால் தீர்க்கக்கூடிய குற்றங்களுக்கு, 15 நாள்களுக்குள் செலுத்தினால் பாதித் தொகை. 60 நாள்கள் கடந்தால் நீதிமன்றம். இம்மாற்றத்தை வரவேற்கிறேன்.

குற்றம் புரியவில்லை என உறுதியாக நம்பும் ஓட்டுநர், கழிவுக்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட் முன்னிலையில் குற்றத்தை மறுத்து விசாரணை கோரலாம். மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. நீதிமன்றத்திற்குச் செல்லாதிருந்தாலோ கைது ஆணை பிறக்கலாம். "எல்லாரும்தானே வேகமாகச் செல்கிறார்கள்" என்பது எதிர்வாதமாகாது.

பெற்றோரே, சம்மனைக் கிழித்தெறியாதீர்கள். பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளை சட்டத்தை முதலில் நம்மிடமே கற்கிறது.