உருளியில பூ போடாதீங்கய்யா, பாயசம் வைங்க!

"பழைய சாமானா? அதைப் போயி காசு குடுத்து வாங்குவாங்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத சொந்தக்காரர் எங்க கடலூர் ஜில்லாவுல எனக்கு ஒருத்தர்கூடக் கிடையாது. அதே ஆளு பாண்டிச்சேரிக்குப் போவார். பழைய வீட்டைப் புதுப்பிச்சு ஓட்டலாக்கி வச்சிருக்கற இடத்துல, வாசல்ல பூ மிதக்கற வெண்கல உருளி பக்கத்துல குத்த வச்சு உட்கார்ந்து போட்டோ எடுத்து, வாட்ஸப்புல குடும்ப குரூப்புல போடுவார். "ஆஹா, என்ன ஒரு பாரம்பரியம்!"

அந்த உருளி என்ன வானத்துலேர்ந்தா குதிச்சுது? உங்களையும் என்னையும் மாதிரி யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்லேர்ந்து எறங்கி, தராசுல ஏறி, எடைக்குப் போனதுதான் சாமி அது.

மூணு கோஷ்டிங்க மேல எனக்கு ரொம்ப நாளா கோபம். இன்னைக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி. அதனால மூணு பேரையும் வரிசையா நிக்க வச்சு கேட்டுடறேன்.

கோஷ்டி 1: மூக்கைப் பொத்தறவங்க

இவங்களுக்கு எல்லாமே பழசா இருக்கணும். கோயில் பழசா இருந்தாத்தான் சக்தி அதிகம். சம்பந்தம் பண்ற குடும்பம் பழைய குடும்பமா இருக்கணும். நகைன்னா பாட்டியோட அட்டிகை. ஆனா நாற்காலி மட்டும் நேத்து கடையிலேர்ந்து பாலிதீன் கவரோட வந்திருக்கணும். கவரைக்கூட ஆறு மாசத்துக்குக் கிழிக்க மாட்டாங்க.

போன வருஷம் மஞ்சக்குப்பத்துல ஒரு வீடு காலி பண்றாங்கன்னு கேள்விப்பட்டு, பலா மரக் கட்டில் ஒண்ணு வாங்கியாந்தேன். பார்த்த உடனே சித்தப்பா, "யாரோ செத்தவங்க படுத்த கட்டிலா இருக்கப் போவுதுடா"ன்னார். இருக்கலாம். செத்தவர் கட்டில் ஆகாதாம், சரி. செத்தவர் எழுதி வச்சுட்டுப் போன காலி மனை மட்டும் ஆகுதே, அது எப்படி சித்தப்பா? அதுக்கு அண்ணன் தம்பி நாலு பேரும் கோர்ட்டு வாசல்ல இல்ல நிக்கறீங்க!

இன்னொரு வகை இருக்கு. அமெரிக்காவுல இருக்கற மச்சான். அங்க தெருவுல யாரோ கராஜ் சேல் போட்டாங்கன்னு அஞ்சு டாலருக்கு வாங்கின விளக்கை வீடியோ கால்ல திருப்பித் திருப்பிக் காட்டுவான். அதையே நான் திருப்பாப்புலியூர் காயலாங்கடையில வாங்கினா, "மாமா, கைய நல்லா கழுவிட்டு சாப்பிடுங்க"ம்பான்.

சென்னையில சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி மூர் மார்க்கெட் இருந்துச்சு. 1985-ல தீக்கிரையாகற வரைக்கும் பழைய புத்தகம், கிராமபோன் தட்டுன்னு தேடி சனம் அங்கதான் மொய்க்கும். அங்க வாங்கினவரை ரசிகர்னோம். காயலாங்கடையில குனியறவனை கஞ்சப்பிசினாரிங்கறோம். ரெண்டு பேரும் பண்றது ஒரே வேலைதாங்க.

கோஷ்டி 2: எடைக்குப் போடறவங்க

போகிக்கு ரெண்டு நாள் முன்னாடி நம்ம தெருக்கள்ல நடக்கற கூத்தைப் பார்த்திருப்பீங்க. பரண்லேர்ந்து பித்தளை அடுக்கு, வெண்கலப் பானை, கல்சட்டி எல்லாம் எறங்கும். தள்ளுவண்டி வரும். தராசு வரும். "பிடியில இரும்பு இருக்குங்க, கழிவு போடணும்"னு ஒரு வசனம் வரும். அரை மணி நேரத்துல பரண் காலி. பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் கொஞ்சம் நோட்டும்.

எடைக்குப் போட்டா என்ன கிடைக்குது? பித்தளைன்னா தாமிரமும் துத்தநாகமும். வெண்கலம்னா தாமிரமும் வெள்ளீயமும். அந்த உலோகத்துக்கு மட்டும்தான் காசு. அதை அச்சுல வார்த்தது, அடிச்சது, கடைஞ்சது, நாப்பது வருஷம் சோறு பொங்கிப் பொங்கிப் பக்குவமானது, எதுக்கும் தராசுல முள்ளு நகராது. ஆனா அதே பானை பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டுக்கோ, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கோ போயி உட்கார்ந்தா, விட்டுப்போன கணக்கெல்லாம் அங்க சேர்ந்துக்கும். வாங்கின விலையைப் போல நாலு மடங்கு சொல்லுவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அருமை தெரிஞ்சு எடுத்து வச்சாங்க. தெரியாம வித்தது நாம.

மரச்சாமான் கதை இதைவிட மோசம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரையேறினப்ப, பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் ஒரே ராத்திரியில சாஞ்சதை ஊரே நின்னு பார்த்துச்சு. ஒரு பலா மரம் பலகை அறுக்கற பருமனுக்கு வர எத்தனை வருஷம் ஆகும்? அப்படியிருக்க, புயலுக்கு முன்னாடியே அறுத்து, இழைச்சு, நல்லா உலர்ந்து, இன்னும் கல்லு மாதிரி நிக்கற கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுட்டு, மரத்தூளை அமுக்கிப் பசை போட்டு ஒட்டின கட்டிலை மாசத் தவணையில வாங்கறாங்க. 2015 மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப அந்த மரத்தூள் சாமானெல்லாம் ரவா உப்புமா மாதிரி உப்பிப் போனதைப் பார்த்த பிறகும்!

கோஷ்டி 3: பூ போடறவங்க

இவங்க மேலதான் எனக்கு அதிக கோபம். ஏன்னா இவங்க பழசை மதிக்கறதா நெனைச்சுக்கிட்டிருக்காங்க.

உருளியில தண்ணி ஊத்தி ரோஜா இதழ். ஆட்டுக்கல்லுல மணி பிளாண்ட். அம்மி மேல புத்தர் தலை. அரிக்கேன் விளக்குக்குள்ள எல்இடி பல்பு. தையல் மெஷினோட இரும்புக் கால் மேல கண்ணாடி போட்டு டீப்பாய். நாப்பது வருஷம் வேலை பார்த்த சாமானையெல்லாம் வேலையை விட்டு நீக்கி, வரவேற்பறையில உட்கார வச்சிருக்காங்க. இதுல 'ஆன்டிக்'னு பெருமை வேற. 1972-ல வந்த தொல்பொருள் சட்டப்படி பார்த்தா, பொதுவா 100 வருஷமாவது ஆகியிருக்கணும். உங்க அம்மா கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கை ஆன்டிக்னு சொன்னா, அம்மாவை என்னன்னு சொல்லுவீங்க?

"காட்சிக்கு வச்சா உனக்கென்னய்யா நஷ்டம்"னு கேட்பீங்க. சொல்றேன்.

போன தையில ஒரு பித்தளை அடுக்குக்கு ஈயம் பூச ஆள் தேடினேன். திருப்பாப்புலியூர்ல நாலு பாத்திரக் கடை ஏறி எறங்கினப்பறம் ஒருத்தர் நம்பர் குடுத்தார். வந்தவருக்கு அறுபதுக்கு மேல வயசு. கரி அடுப்பை மூட்டி, துருத்தியை வச்சு, பாத்திரத்தைச் சுட வச்சு, நவச்சாரப் பொடியைத் தூவினார் பாருங்க, குபீர்னு வெள்ளைப் புகை. ஈயக் கம்பியை ஒரு இழுப்பு இழுத்தார். பஞ்சால ஒரு சுத்து. அவ்வளவுதான், உள்பக்கம் பூரா நிலா வெளிச்சம். தெருப் பசங்க எல்லாம் வட்டமா நின்னுட்டாங்க.

"வீட்டுப் பாத்திரம் எல்லாம் இப்ப வர்றதே இல்ல தம்பி. கல்யாண சமையல்காரங்க அண்டாதான். அதுவும் எவர்சில்வரு ஆயிடுச்சு"ன்னார். பையன் என்ன பண்றான்னு கேட்டேன். சிப்காட்டுல கம்பெனி வேலைக்குப் போறானாம்.

இதாங்க நஷ்டம். அடுக்குல குழம்பு வச்சாத்தான் ஈயம் பூசறவருக்கு வேலை. அம்மியில அரைச்சாத்தான் அம்மி கொத்தறவருக்கு வேலை. கயித்துக் கட்டில்ல படுத்தாத்தான் பின்னறவருக்கு வேலை. பூ போடற உருளிக்கு இவங்க யாரும் வேணாம், ஒரு துடைக்கற துணி போதும். சாமான் பத்திரமா இருக்கும், அதைச் சுத்தி இருந்த தொழில் செத்துப் போயிருக்கும். பாரம்பரியத்தைக் காப்பாத்தறேன்னு சொல்லிக்கிட்டு பாதியைத்தான் காப்பாத்தறீங்க, அதுவும் பேசாத பாதியை.

நடுவுல தங்கமணி

இவ்வளவும் எழுதி தங்கமணிகிட்ட படிச்சுக் காட்டினேன். "எல்லாம் சரி. புளி போட்டு வெளக்கறது யாரு?"ன்னு ஒரே ஒரு கேள்விதான்.

நியாயமான கேள்வி. எவர்சில்வர் வந்தப்ப நம்ம பாட்டிங்க பித்தளையைப் பரண்ல ஏத்தினதுல தப்பே இல்லீங்க. புளியும் சாம்பலும் வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் காய்ச்சுப் போன கை அவங்களோடது. தாத்தா திண்ணையில உட்கார்ந்து பாத்திரம் பளபளன்னு இருக்குன்னு சந்தோஷப்பட்டதோட சரி. அதனால பாரம்பரியம் பேசற ஆம்பளைங்களுக்கு எங்க வீட்டுச் சட்டத்தைச் சொல்லிடறேன்: எவன் வாங்கியாறானோ அவன்தான் வெளக்கணும். இந்தச் சட்டம் வந்தப்பறம் நான் வாங்கற வேகம் கொஞ்சம் கம்மிதான், ஆனா வாங்கினது எல்லாம் புழக்கத்துல இருக்கு.

வேட்டைக்குப் போறவங்களுக்கு நாலு வார்த்தை

* சட்டைப் பையில ஒரு காந்தம் வச்சுக்கோங்க. பித்தளையில ஒட்டாது. ஒட்டினா அது முலாம் பூசின இரும்பு.
* வெண்கலத்தையும் கல்சட்டியையும் தட்டிப் பாருங்க. கணீர்னா வாங்கலாம், டப்புன்னா எங்கியோ விரிசல். வாங்கின கல்சட்டியை உடனே அடுப்புல ஏத்திடாதீங்க, சில நாள் வடிகஞ்சி ஊத்தி வச்சுப் பழக்கணும்.
* மரச்சாமான்னா கீழே குனிஞ்சு பாருங்க. மாவு மாதிரி கொட்டிக் கிடந்தா பூச்சி குடும்பம் நடத்துது. கட்டில்னா இடுக்குல மூட்டைப்பூச்சி.
* பழைய ஈயச்சொம்பு மட்டும் சமையலுக்கு வேணாம். ரசம் வைக்கற சொம்பு வெள்ளீயம். அதுல காரீயம் கலந்திருந்தா விஷம், கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. சுத்தமான வெள்ளீயமே 232 டிகிரியில உருகிடும். காலி சொம்பை அடுப்புல வச்சுட்டு போன் பேசப் போனா, திரும்பி வரும்போது ரசமும் இருக்காது, சொம்பும் இருக்காது.
* கேஸ் டியூப், ரெகுலேட்டர், பழைய ஒயர், ஹெல்மெட், இதெல்லாம் புதுசுதான் வாங்கணும். உசுரோட இருந்தாத்தானே அடுத்த காயலாங்கடைக்குப் போக முடியும்?
* பஞ்சலோகம், சாமி சிலைன்னு யாராவது காதுல கிசுகிசுத்தா, வண்டியைத் திருப்பிக்கிட்டு ஓடி வந்துடுங்க.

கடைசியா ஒண்ணு மக்களே. அடுத்த போகிக்குப் பரணைக் காலி பண்ணுவீங்க இல்ல? தராசுக்காரரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பொறுங்க. அந்த வெண்கலப் பானையில ஒரே ஒரு தடவை பொங்கல் வச்சுப் பாருங்க. அதுக்கப்பறமும் வேணாம்னு தோணுச்சுன்னா எடைக்குப் போடாதீங்க, பொங்கத் தெரிஞ்ச யாருக்காவது குடுங்க. யாருமே கிடைக்கலைன்னா எனக்குச் சொல்லுங்க.

தங்கமணிக்கு மட்டும் சொல்லிடாதீங்க. :-)