பிரயாணிகளின் பங்கு

1906-ஆம் ஆண்டு அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது, அதன் 10 லட்ச ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக வகுத்தமையால், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறும் சாமானியனும் அந்தக் கப்பலில் தனக்கொரு பாத்தியதை உண்டென்று எண்ண இடமிருந்தது. அதே தூத்துக்குடியில் இன்று டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவருக்கு, வண்டி எங்கே வருகிறது என்று அறியும் பாத்தியதைகூட இல்லை.

துறைமுகத்தை நோக்கி வரும் சரக்குக் கப்பலின் பெயரையும் வேகத்தையும் திசையையும், கையில் ஸ்மார்ட்போன் உள்ள எவரும் வீட்டிலிருந்தே காணலாம். எந்தக் கடற்பரப்பில் மீன் திரளக்கூடும் என்பதை செயற்கைக்கோள்களின் உதவியால் கணித்து, ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. இவ்வளவு சௌகரியங்களும் கரையோடு நின்றுவிட்டன. திரேஸ்புரத்தில் ஏலமெடுத்த மீனை ஐஸ் உருகுமுன் தெருத்தெருவாக விற்றாக வேண்டிய பெண், அலுமினியப் பாத்திரத்தை இடுப்பில் அணைத்தபடி நிற்கிறாள். பழைய பேருந்து நிலையத்திலிருக்கும் தோழி, "ஏளா, வண்டி எடுத்தாச்சு, வெரசா வா" என்று பட்டன் போனில் சொன்னால்தான் அவளுக்குச் சேதி தெரியும். பிரயாணிகள் தாமாகவே ஏற்படுத்திக்கொண்ட இந்தத் தகவல் வலைக்கு அரசு ஸ்தாபனங்கள் இதுவரை செவிசாய்க்காதது எனக்குப் பெரும் மனக்குறை.

சென்னையில் 2022-இல் பஸ்ஸின் இருப்பிடத்தைக் காட்டும் செயலி வந்தது; 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு வழங்கும் 'சென்னை ஒன்' வந்தது. 2017-இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தேர்வான நம் நகரத்தில் பழைய பேருந்து நிலையம் புதிதாக எழுந்தது. ஆனால் கட்டடத்துக்கு வெளியே நிற்பவரை அத்திட்டம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2021 மே மாதம் முதல் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் அவர்களுக்கு வழங்கப்படும் கட்டணமில்லாச் சீட்டுகளைத் தொகுத்துப் பார்த்தால், எந்த வேளையில் எவ்வழியே கூட்டம் மிகுகிறது என்பது புலப்படும். அந்த ஆதாரத்தைக் கொண்டு கால அட்டவணையைத் திருத்துவது அவசியமே. எனினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கத்து உப்பளங்களுக்கு விடியுமுன்னரே லோடு ஆட்டோவில் நெருக்கியடித்துச் செல்லும் பெண்கள் எந்தச் சீட்டுக் கணக்கிலும் அகப்படார். அவர்கள் நேரத்துக்கு வண்டியே இல்லாததால் சீட்டும் இல்லை, சீட்டு இல்லாததால் அங்கே தேவையும் இல்லையென்று அதிகாரிகள் தீர்மானித்துவிடுவார்கள். ஏறியவர்களை மட்டும் எண்ணும் யந்திரம், ஏற முடியாமற்போனவர்களுக்கு அநீதியையே நிரந்தரமாக்கும்.

ஆகையால் நமக்கு வேண்டியது செயலி மாத்திரமன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் போக்குவரத்துக் கழகம் ஒரு தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதிவைத்து, மிஸ்டு கால் கொடுத்தவரை உடனே திருப்பி அழைத்து, அடுத்த வண்டி எங்கே இருக்கிறது என்று தமிழில் சொல்லட்டும். எந்த நேரத்துக்கு வண்டி வேண்டும் என்று அதே அழைப்பில் கேட்டுப் பதிந்துகொள்ளட்டும். ஒரு பெண்ணின் போக்குவரத்து அவள் பெயரோடு சேர்த்துப் பதியப்படலாகாது என்பதையும் விதியாக்க வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. மாநகராட்சியும் போக்குவரத்துக் கழகமும் உப்பளப் பாதையிலேயே இதைத் தொடங்கி, அங்கே கேட்டறிந்த நேரத்துக்கு முதல் பஸ்ஸை விடட்டும்.