கூலி எழுதப்படாத கணக்கு

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் பிரயாக்ராஜ் நகரத்து அடுமனைகளின் வாசலில் ஒரு தனிவிதமான வரிசை நிற்கும். நகரத்தின் பெயர் மாறினாலும் அங்கு உருவான கேக்குக்கு இன்றும் அலகாபாத் கேக் என்றே பெயர். வெண்ணெய்க்குப் பதில் நெய், பூசணிக்காயில் செய்த பேட்டா, ஆரஞ்சு மார்மலேட், சுக்கு, சோம்பு, ஜாதிக்காய் எனச் சேர்மானங்கள் எல்லாம் உள்ளூர்க் கைகளில் உருமாறியவை. ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்கள் கேக் வாங்க வந்தவர்கள் அல்லர். மாவும் நெய்யும் சர்க்கரையும் முட்டையும் பழவகைகளும் வீட்டிலிருந்தே பைகளில் கொண்டுவந்திருப்பார்கள். அடுமனைக்காரர் அவற்றைக் கலந்து, தம் அடுப்பில் சுட்டுத் தருவார். பொருள் வீட்டாருடையது; உழைப்பும் நெருப்பும் அவருடையவை. அவ்விரண்டுக்கும் மட்டும் கூலி வாங்கிக்கொள்வார்.

பஞ்சாபிலும் தில்லியிலும் இதே ஏற்பாடு பிஸ்கட்டுக்கு உண்டு. கோதுமை மாவையும் நெய்யையும் சர்க்கரையையும் தெருமுனை அடுமனையில் கொடுத்துவிட்டு, மாலையில் டின் நிறையப் பிஸ்கட்டுடன் வீடு திரும்பும் குடும்பங்கள் அங்கே பல. சுட்டுக்கொடுத்த கூலியைக் குறித்து யாரும் முகம் சுளிப்பதில்லை. வேலைக்குக் கூலி உண்டு என்பது அந்தக் கடைவாசலில் விவாதத்துக்கு இடமில்லாத செய்தி.

அதே வேலை வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததும் கூலி எங்கே மறைந்துபோகிறது என்பதே என் கேள்வி.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் நாட்டின் நடுத்தர வீடுகள் பலவற்றில் கேக் மணம் எழுந்தது. ஓவன் இல்லாதவர்கள் பழைய முறைக்குத் திரும்பினார்கள்: பிரஷர் குக்கரின் வெயிட்டையும் காஸ்கெட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பையோ மணலையோ பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து மூடுவது. பொழுதுபோக்காகத் தொடங்கியது பலருக்கு வருமானமாயிற்று. இன்று அடுக்ககம் தோறும் பிறந்தநாள் கேக் செய்து தருபவர் ஒருவரேனும் இருக்கிறார். பெரும்பாலும் பெண்.

கேக் செய்வது, சாம்பார் வைப்பதைப் போலன்று. சாம்பாரில் உப்புக் குறைந்தால் கொதிக்கும்போது சேர்க்கலாம். புளி கூடினால் வெல்லத்தால் தணிக்கலாம். கேக் அடுப்புக்குள் போனபின் அதைத் திருத்த வழியில்லை. ஒரு கப் மாவு என்பதுகூட நம்பத்தகாத அளவு. தளர்வாக அள்ளினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம். ஆகையால் இத்தொழிலில் இறங்கியவர் முதலில் வாங்குவது சிறிய மின்தராசு. கண்ணளவும் கையளவும் ஆண்ட சமையலறைக்குள் தராசும் கடிகாரமும் நுழைந்துவிடுகின்றன. மாவு, வெண்ணெய், பேக்கிங் பவுடர், அடுப்பின் வெப்பம், நிமிடம் என எல்லாம் அளக்கப்படுகின்றன. செய்பவரின் நேரம் மட்டும் அளக்கப்படுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு கிலோ கேக்குக்குப் பொருட்செலவு, அட்டைப்பெட்டி, மின்சாரம் எல்லாம் சேர்த்து 400 ரூபாய் என்றும், விலை 700 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 300 ரூபாயை இலாபம் என்று நோட்டில் எழுதி மகிழ்வார் அந்தப் பெண்மணி. கடைக்குப் போய்வருவது, அளப்பது, கலப்பது, சுடுவது, ஆறவைப்பது, கிரீம் அடித்து அலங்கரிப்பது, பிறகு எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரங்களைத் தேய்ப்பது என நான்கு மணி நேரம் போயிருக்கும். அப்படியானால் அந்த 300 ரூபாய் இலாபமே அன்று. மணிக்கு 75 ரூபாய் வீதம் அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட கூலி. இலாபம் என்ற இடத்தில் இருப்பது சுழியம். பத்தில் ஒரு கேக் உடைந்தோ தீய்ந்தோ போனால் அந்தக் கூலியிலும் குறைவு விழும்.

இதனால் என்ன கெட்டுவிட்டது, வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே என்று கேட்பவர் உண்டு. ‘சும்மா’ என்ற அந்தச் சொல்லைப் பிறகு கவனிப்போம். முதலில் தொழிலின் கோணத்தில் பார்க்கலாம். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் ஆர்டர்கள் குவியும்போது அவருக்கு ஓர் உதவியாள் தேவைப்படும். உதவியாளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? விலையில் ஒருவரது கூலிகூட முழுதாகச் சேர்க்கப்படவில்லையே! ஆகவே அவர் தனியாகவே நள்ளிரவு வரை நின்று உழைக்கிறார். இரண்டாண்டுகள் கழித்து முதுகுவலியோடு தொழிலை நிறுத்திவிடுகிறார். கேக் நன்றாக இல்லாமல் மூடப்பட்ட வீட்டு அடுமனைகளைவிட, விலை தவறாக இருந்ததால் மூடப்பட்டவையே நான் அதிகம் கண்டவை.

கடன் பெற்று விரிவாக்க நினைத்தாலும் இதே முட்டுக்கட்டைதான். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. நல்லதோர் ஓவனும் மாவு பிசையும் இயந்திரமும் வாங்க அது உதவும். ஆனால் தவணையைக் கட்டப்போவது உண்மையான உபரியே அன்றி, நோட்டில் இலாபம் என்று பெயரிடப்பட்ட கூலியன்று.

இப்போது ‘சும்மா’வுக்கு வருவோம். நடுவண் அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களை. 2019ஆம் ஆண்டில் இவை முறையே 299, 97. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் இருவரது சுமையையும் சற்றே இறக்கியிருக்கலாம். இடைவெளி அப்படியே நிற்கிறது.

கேக் செய்யும் பெண் அந்த நான்கு மணி நேரத்தை ஏறத்தாழ ஐந்து மணி நேர வீட்டுவேலைக்கு மேல்தான் எடுக்கிறார். உண்மையில் கேக்கினால் அவருக்குக் கிடைத்த பெரிய நன்மை பணமன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. முதன்முறையாக அவருடைய சமையலுக்கு ஒரு விலை கேட்கப்பட்டது. இருபது ஆண்டுகளாக அவர் சுட்ட தோசைகளுக்கு அந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகனோ கணவரோ ஒரு கேக் செய்தால் அது திறமை. படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பப்படும். அன்றாடம் மூன்று வேளை இறங்கும் சோறு கடமை. திறமைக்குப் பாராட்டு, கடமைக்குப் பழக்கம்! ‘கைமணம்’ என்று நாம் புகழ்கிறோமே, அந்தப் புகழ்ச்சியும் எனக்கு ஐயத்துக்குரியதே. நேரத்துக்கு உரியதைக் கைக்குக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும் சொல் அது.

வீட்டுச் சமையலுக்கெல்லாம் ரசீது போட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அன்பினால் செய்யப்படுவது அன்பினாலேயே செய்யப்படட்டும். ஆனால் விற்பனைக்கு வந்துவிட்ட பொருளின்மீது அன்பின் பெயரால் தள்ளுபடி கேட்பது முறையன்று. “வீட்டில்தானே செய்கிறீர்கள், இவ்வளவா?” என்று கேட்பவர்கள், கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுப்பவர்களே.

வீட்டிலிருந்து உணவு விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் பதிவு பெற வேண்டும். அந்தப் 14 இலக்க எண்ணை அட்டைப்பெட்டியில் அச்சிடும்போதே இன்னொரு சிறு மாற்றத்தையும் செய்துகொள்ளலாம். ரசீதில் மொத்த விலையை ஒரே வரியில் எழுதாமல், அலகாபாத் அடுமனைக்காரரைப் போலப் பொருளுக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி என இரண்டாக எழுதலாம். அதன்பின் பேரம் பேச விரும்பும் உறவினர், தாம் எந்த வரியைக் குறைக்கச் சொல்கிறோம் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கும்.