கடன் கொப்பி எங்கே இருக்கிறது?



தைப்பொங்கல் கழிந்த கிழமை, மதியச் சாப்பாட்டுக்காக அலுவலகக் கதவைச் சாத்தப் போன நேரத்தில் ஒரு அக்கா வந்தார். முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தன்னுடைய பெயரையும் ஊரையும் எழுதக்கூடாது என்ற நிபந்தனையுடன்தான் இதனை எழுத அனுமதித்தார். அந்த நிபந்தனைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு நானும் பொறுப்பு. பின்னால் சொல்கிறேன்.

“தங்கச்சி, போனில பதினையாயிரம் எடுத்தனான். மூண்டு தரம் காசு கட்டிப்போட்டன். இப்ப இருபத்தேழாயிரம் கட்டு எண்டு சொல்லுகினம். நான் கட்டின காசு எங்கை போனது எண்டு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?”

2009இல் கணவரைத் தொலைத்தவர் இவர். மகளின் உயர்தர வகுப்புக் காசுக்காகக் கடன் பட்டிருக்கிறார். கடனை எடுத்துக் கொடுத்தது கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகன். அடையாள அட்டை அக்காவுடையது, தொலைபேசி இலக்கம் அக்காவுடையது, வங்கிக் கணக்கும் அவருடையது. விண்ணப்பத்தை நிரப்பிய விரல் மட்டும் மகனுடையது.

நுண்கடன் எங்கள் கிராமங்களுக்குச் செய்தவை பற்றி இந்தப் பக்கத்தில் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. 2021 மார்ச் 8ஆந் திகதி ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஐம்பது நாட்களுக்கு மேல் நீடித்தது. அந்தக் கடன்கள் கொடியவைதான். இருந்தாலும் அவற்றில் ஒரு கொப்பி இருந்தது. கிழமைக்கு ஒருதரம் மரத்தடியில் குழுவாகக் கூடும்போது கடன் உத்தியோகத்தர் அதில் கையெழுத்து வைத்தார். பக்கத்தில் இருந்த நாலு பெண்கள் அதற்குச் சாட்சி. அவமானமும் நாலு பேருக்கு முன்னால்தான் நடந்தது என்பதையும் மறக்கவில்லை.

தொலைபேசிக் கடனில் மரத்தடியும் இல்லை, சாட்சியும் இல்லை. கொப்பி எங்கே என்று கேட்டால், அது நிறுவனத்தின் இணையத்தளத்தில் வாடிக்கையாளருக்கென உள்ள பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் போகும் வழிதான் ‘லிங்க்’. கடன் கிடைத்த அன்று குறுந்தகவலில் அது வந்திருக்கும். அக்காவுக்கும் வந்தது. போனில் இடம் போதாது என்று எல்லா மெசேஜையும் அவர் அழித்துவிட்டார்.

சரி, தேடிப் பார்ப்போம் என்று நிறுவனத்தின் பெயரை அலுவலகக் கணினியில் தட்டினேன். முதலாவதாக வந்த பக்கத்தைத் திறந்தேன். அதே நிறம், கிட்டத்தட்ட அதே பெயர். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டது, கொடுத்தோம். அடுத்து வங்கி அட்டையின் இலக்கத்தையும் அதன் பின்பக்கத்தில் உள்ள மூன்று எண்களையும் கேட்டது. அக்கா அட்டையை வெளியே எடுத்துவிட்டார். அப்போதுதான் எனக்குத் தட்டியது: கடன் பாக்கியைப் பார்ப்பதற்கு அட்டையின் பின்பக்க எண் எதற்கு? மேலே பார்த்தால் சிறிய எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருந்தது. இணைய முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. மூடிவிட்டோம். பட்டம் பெற்று, பத்து வருடமாக இந்த வேலையில் இருக்கும் நான் இவ்வளவு தூரம் போனேன் என்பதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

காசு கட்டிய வங்கித் துண்டுகளை அக்கா பத்திரமாக ஒரு சொப்பிங் பையில் வைத்திருந்தார். அதில் இருந்த நிறுவனப் பெயரும் விளம்பரத்தில் வரும் பெயரும் வேறு வேறு. பதிவு செய்த பெயர் ஒன்று, ஊருக்குச் சொல்லும் பெயர் இன்னொன்று. கடைசியில் மகனுக்குத் தொலைபேசி எடுத்து, அவருடைய மின்னஞ்சலுக்கு வந்திருந்த ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னோம். அதன் அடியில் இணைய முகவரி இருந்தது. தேடாமல், எழுத்து எழுத்தாக அதைத் தட்டினோம். அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்ததும் அக்காவின் போனுக்கு ஓ.ரி.பி. எண் வந்தது. பக்கம் திறந்தது.

எல்லாம் ஆங்கிலம். நான் வாசிக்க வாசிக்க அக்கா மகளின் கொப்பியில் எழுதினார். எடுத்தது 15,000 ரூபா. 30 நாளில் 19,500 ஆகத் திருப்பிக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் 4,500 கட்டி இன்னும் 30 நாள் தவணை வாங்கலாம். அக்கா கட்டிய மூன்று 4,500உம், அதாவது 13,500 ரூபாவும், ‘நீட்டிப்புக் கட்டணம்’ என்ற நிரலில் இருந்தது. முதலில் ஒரு சதமும் குறையவில்லை. 19,500 அப்படியே நிற்க, பிந்திய நாட்களுக்கு 3,400 சேர்ந்து 22,900 என்று காட்டியது.

அக்கா கன நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப இருபத்தேழு எண்டு சொன்னவன்?” என்றார். தொலைபேசியில் மிரட்டியவர் 4,100 ரூபாவைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். எதற்காக, யாருக்காக என்பது அவருக்குத்தான் வெளிச்சம். பக்கத்தில் இருந்த தொகையைக் கணினியில் படமாக எடுத்து, திகதியுடன் அச்சிட்டு அக்காவின் கையில் கொடுத்தேன்.

இதுவரை நல்ல கதை. இனி என் பிழை.

இரண்டு நாள் கழித்து நிறுவனத்திலிருந்து அக்காவுக்கு ஒரு நினைவூட்டல் மெசேஜ் வந்தது. அதிலும் ஒரு லிங்க். அக்கா அதை எனக்கு அனுப்பினார். அதே கிராமத்தில் இன்னும் எட்டுப் பெண்கள் அதே நிறுவனத்தில் கடன் பட்டிருந்தார்கள். அவர்களும் லிங்க் கேட்டுக்கொண்டிருந்ததால், தட்டச்சும் சிரமம் மிச்சம் என்று அந்த லிங்கை அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அது பொதுவான வாசல் அல்ல, அக்காவுக்கென்றே செய்யப்பட்ட திறப்பு. தொட்ட உடனே, ஒன்றும் கேட்காமல், அக்காவின் பெயரும் கடனும் பாக்கியும் திறந்தன. அரை மணித்தியாலத்துக்குள் அழித்தேன். அதற்குள் பார்த்தவர்களில் அவருடைய மச்சாளும் ஒருவர். அந்தக் கடனுக்குத் தெரிந்தவராக மச்சாளின் தொலைபேசி இலக்கத்தைத்தான், அவரிடம் சொல்லாமலே, மகன் கொடுத்திருந்தார். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு விளங்கும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றபோது சமூக வலைப்பின்னல் பெண்களுக்குப் பலம் என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அந்த வலையிலேயே ஒரு பெண்ணின் கடனைத் தூக்கிக் காயப்போட்டேன். அக்கா மூன்று கிழமை என் அழைப்பை எடுக்கவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “தெரிஞ்சு செய்தனீங்களே” என்று தேத்தண்ணி தந்தார். கோபம் முழுக்க ஆறியதாகத் தெரியவில்லை. ஆற வேண்டிய கட்டாயமும் இல்லை.

இப்போது குழுவில் லிங்க் போடுவதில்லை. நிறுவனத்தின் முகப்பு முகவரியை மட்டும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் தங்கள் கொப்பியில் எழுதச் செய்கிறேன். பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமான வால் இருந்தால் அது உங்களுக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடும். மகளுக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும் அனுப்பாதீர்கள். முகப்பு முகவரி என்றால் திறந்ததும் ‘நீங்கள் யார்’ என்று கேட்கும். கேட்பதுதான் நல்லது. ஓ.ரி.பி. எண்ணைத் தொலைபேசியில் யார் கேட்டாலும், கடன் நிறுவனம் என்றே சொன்னாலும், கொடுக்க வேண்டாம். பிள்ளைகள் உங்களுக்காகக் கடன் எடுத்துத் தந்தால், அன்றைக்கே ஒப்பந்தத்தை ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். முகவரி அங்கே இருக்கும். நீட்டிப்புக்குக் கட்டும் காசு முதலில் கழியுமா என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ள நிறுவனமாயின் முறைப்பாடு செய்ய 1935 என்ற இலக்கம் இருக்கிறது. அக்காவுக்குக் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் மத்திய வங்கியின் பட்டியலில் இருக்கவில்லை. அதனால் அச்சிட்ட தாளை இணைத்து நிறுவனத்துக்கே கடிதம் எழுதினோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதில், சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகப்போகிறோம் என்று ஒரு வரி சேர்த்தோம். 22,900 ரூபாவை நான்கு தவணையில் ஏற்பதாகவும் மேலதிகத் தண்டம் சேர்க்கப்படாது என்றும் பதில் வந்தது. 15,000 ரூபாவுக்கு மொத்தம் 36,400 ரூபா. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு தவணை முடிந்துவிட்டது. ஒவ்வொன்றும் கட்டிய பிறகு அக்கா தானே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். ஆங்கிலம் தெரியாது, ஆனால் எந்த மூலையில் எந்த எண் குறைய வேண்டும் என்பது தெரியும். முகவரியை மகளின் இரசாயனவியல் கொப்பியின் பின்மட்டையில் எழுதி வைத்திருக்கிறார்.

கேளாமலே உறவினரின் தொலைபேசி இலக்கத்தைக் கடனுக்குக் கொடுப்பது பற்றிச் சில சகோதரிகள் எழுதியிருந்தீர்கள். அடுத்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.