பத்து வருஷம் வேண்டாம், ஒரு மாதம் போதும்!

1/
"உன் வீட்டுக்காரர் பத்து வருஷம் சர்வீஸ் முடிக்கலையேம்மா, பென்ஷன் வராது."

கணவரைப் பறிகொடுத்த பெண்ணிடம் கம்பெனியில் இதைத்தான் சொல்றாங்க. கான்ட்ராக்டரும் இதையே சொல்றார். விவரம் தெரிஞ்ச சொந்தக்காரரும் இதையே சொல்றார். மூணு பேர் சொல்றதும் தப்பு.

2/
பத்து வருஷக் கணக்கு, உயிரோடு இருந்து 58 வயதில் பென்ஷன் வாங்குகிறவருக்கு.

வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால், 1995-ஆம் ஆண்டு தொழிலாளர் பென்ஷன் திட்டப்படி ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால் போதும். மறுமணம் செய்யாதவரை மனைவிக்கு மாதாமாதம் பென்ஷன். 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் தனியாக உண்டு. இறந்தது மனைவி என்றால் கணவருக்கும் இதே உரிமைதான்.

3/
"நாமினி அவங்க அம்மா பேர்ல இருக்கே?"

கல்யாணத்துக்கு முன்னாடி எழுதிய பிஎஃப் நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும். குடும்பப் பென்ஷனில் முதல் உரிமை மனைவிக்குத்தான்.

இன்னொன்று. பிஎஃப் கணக்கோடு ஒரு காப்பீடும் உண்டு, அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை. தொழிலாளி அதற்குப் பணம் கட்டுவதில்லை. அதனாலேயே பல வீடுகளுக்கு அது இருப்பதே தெரியாது.

4/
டாக்டருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இறப்புக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவது நாங்கள். அந்தக் குடும்பம் அன்றைக்கு முதலில் பார்க்கும் 'விவரம் தெரிந்த ஆள்' நாங்கள்தான்.

5/
"அவங்கதானே விசாரிச்சுத் தெரிஞ்சுக்கணும்?"

"நோயாளி கேட்கலை, அதனால நான் சொல்லலை"ன்னு ஒரு டாக்டர் சொன்னா சும்மா விடுவீங்களா? சம்பளச் சீட்டையே பார்த்திராத பெண், காரியம் முடிவதற்குள் சட்டம் படிக்கணுமா?

மாதம் தவறாமல் பணம் பிடிக்கத் தெரிந்த அமைப்புக்கு, சந்தா நின்ற மாதத்தில் "ஏன் நின்றது?" என்று கேட்கத் தெரியாதா?

6/
குறைந்தபட்ச பென்ஷன் 1000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். அது பத்தாது, அந்தச் சண்டை தனியாகப் போடுவோம். ஆனால் அந்த ஆயிரத்தையும் தப்பான தகவலால் இழக்க வைப்பது அநியாயம்.

விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது நிறுவனத்தின் கடமையாக வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையும் இறப்பு அறிக்கையோடு இந்த விவரத்தைத் தமிழில் ஒரு பக்கத் தாளில் கொடுக்க வேண்டும்.

7/
அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது:

• இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள்
• அவருடைய யுஏஎன் எண்ணைத் தேடி எடுங்கள்
• பென்ஷனுக்கு 10டி, பிஎஃப் பணத்துக்கு 20, காப்பீட்டுக்கு 5ஐஎஃப் படிவம்
• நிறுவனம் இழுத்தடித்தால் நேராகப் பிஎஃப் அலுவலகம் போங்கள்

8/
அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது, "எப்படிப்பா ஆச்சு?" என்று பத்தாவது ஆளாகக் கேட்காதீர்கள்.

"அவருக்கு பிஎஃப் பிடிச்சாங்களாம்மா?" என்று கேளுங்கள்.