எண்ணத் தெரியாத செயலி

உரைத்தொகுப்பியில் ‘கொ’ எனத் தட்டச்சிட்டேன். சொல்லை முடித்துத்தரும் பெட்டி கர்சரை விட்டு ஓரெழுத்துத் தள்ளித் திறந்தது. எழுத்துருவை மாற்றுங்கள் என்றார்கள். மாற்றினேன், பயனில்லை. குற்றம் எழுத்துருவில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது.

‘கொ’ நமக்கு ஓரெழுத்து. யுனிகோட்டில் அது ககரம், ஒகரக் குறி என 2 குறியீடுகள். குறியைப் பிரித்தெழுதினால் 3. இவற்றை எழுத்துகளாக எண்ணும் செயலி பெட்டியின் இடத்தைப் பிழையாகக் கணிக்கிறது. இரு வடிவங்களும் ஒன்றென அறியாவிடின், பட்டியலிலுள்ள சொல்லையே இல்லை என்கிறது. இரண்டுக்கும் யுனிகோட் விதி வகுத்துள்ளது. அதைப் படிக்காதது நிரலாளர் குற்றம்.

ஈய அச்சுக் காலத்தில் எங்கள் அச்சுக்கோப்பாளரும் கொம்பு, ககரம், அரவு என மூன்று துண்டுகளையே கோத்தார். ஒருநாளும் அவற்றை மூன்றெழுத்தென்று எண்ணியதில்லை. தமிழைத் திருத்த வேண்டாம், செயலியைத் திருத்துங்கள்.